தளரும் கைக்குத் துணைபுரியும் யந்திரம்

சித்தூரிலிருந்து திருப்பதிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் உள்ள புத்தலப்பட்டும் அதனைச் சூழ்ந்த கிராமங்களும் பெரும்பாலும் கையுழைப்பினால் வாழ்பவை. விடியுமுன் பால் கறத்தல், கரும்பு வெட்டுதல், வெல்லம் காய்ச்சுதல், பருவத்தில் மாங்காய் பறித்துக் கூடையிலிடுதல் ஆகிய யாவும் விரல்களின் பிடியையும் தோளின் வலிவையும் நம்பி நடப்பவை. பள்ளி ஆசிரியருக்குச் சுண்ணக்கட்டியும், தையற்காரருக்குக் கத்தரிக்கோலும், வீட்டுப் பெண்டிருக்குக் கரண்டியும் அவ்வாறே. இருபதுக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்ட வயதில், குடும்பப் பொறுப்பு முழுமையும் வந்து சேர்ந்திருக்கும் காலத்தில், ஒருவருடைய கை காரணம் புலப்படாமல் தளரத் தொடங்குமானால் அக்குடும்பத்தின் வரவு செலவே தடுமாறிப்போகும். அத்தகைய தளர்ச்சியை உண்டாக்கும் நோய்களுள் ஒன்றைப் பற்றியும், அதனால் பாதிக்கப்பட்ட கைக்கு யந்திரங்களின் உதவியோடு அளிக்கப்படும் புனர்வாழ்வுச் சிகிச்சையைப் பற்றியும் இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

இந்நோயை ஆங்கில வைத்தியர்கள் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்பர், சுருக்கமாக எம்.எஸ். என்றும் கூறுவர். 'பல இடங்களில் இறுகிப்போதல்' என்பது அப்பெயரின் பொருள். தமிழில் இது தண்டுவட மரப்பு நோய் என்று எழுதப்படுவதுண்டு. அப்பெயர் தண்டுவடத்தை மட்டுமே சுட்டுவதால் முற்றும் பொருந்துவதன்று. நோய் மூளையையும், கண்ணுக்குச் செல்லும் நரம்பையும் சேர்த்தே தாக்குகிறது. எனவே இக்கட்டுரையில் எம்.எஸ். நோய் என்ற வழக்கே கையாளப்படுகிறது.

நோயின் இயல்பு

மின்சாரக் கம்பியின் மேல் ரப்பர் உறை இருப்பதைப் போல, மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்பிழைகளின் மேல் மயலின் எனப்படும் கொழுப்பு கலந்த உறை ஒன்று சுற்றப்பட்டிருக்கிறது. இந்த உறை இருப்பதனாலேயே மூளையின் கட்டளை விரல் நுனிக்கு நொடியின் சிறு பகுதியில் சென்று சேருகிறது. எம்.எஸ். நோயில், உடலைக் காக்க வேண்டிய வெள்ளணுக்களே வழி தவறி இவ்வுறையைத் தாக்கி அரிக்கின்றன. உறை சிதைந்த இடத்தில் செய்தி தாமதிக்கிறது. சில வேளைகளில் நின்றே போகிறது. அழற்சி தணிந்தபின் அவ்விடத்தில் தழும்பு போன்ற இறுக்கம் எஞ்சுகிறது. இத்தழும்புகளையும் நோயாளிகளிடம் காணப்பட்ட குறிகளையும் இணைத்து, இஃது ஒரு தனி நோய் என்று 1868ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்து வைத்தியர் ழான் மார்ட்டின் ஷார்கோ விவரித்தார்.

நோய்க்கு மூலகாரணம் முற்றிலும் தெளிவாகிவிடவில்லை. எப்ஸ்டைன்-பார் என்னும் மிகச் சாதாரணமான ஒரு வைரஸின் தொற்றுக்குப் பிறகே இந்நோய் தோன்றுகிறது என்பதற்கு, அமெரிக்க ராணுவத்தினரின் ரத்த மாதிரிகளைக் கொண்டு நடத்தி 2022இல் வெளியிடப்பட்ட ஆய்வு வலுவான சான்று அளித்தது. ஆயினும் அந்த வைரஸ் உலகில் ஏறக்குறைய எல்லோரையும் தொற்றுவதாகும்; அவர்களுள் மிகச் சிலருக்கே எம்.எஸ். நோய் வருகிறது. நோயாளியோடு உண்பதனாலோ உறங்குவதனாலோ இந்நோய் பிறரைப் பற்றுவதில்லை. இதனைக் கிராமங்களில் அழுத்தமாக எடுத்துச் சொல்ல வேண்டும். பெண்களிடத்தில் இது ஆண்களிடத்தைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலாகக் காணப்படுகிறது. உலகத்தில் இந்நோயாளிகளின் தொகை 2020ஆம் ஆண்டுக் கணக்கின்படி ஏறத்தாழ 28 லட்சம். குளிர்நாடுகளில் மிகுதி; நம் நாட்டில் குறைவு. எனினும் காந்தப் படப்பிடிப்பு யந்திரங்கள் பெருகியபின், முன்பு பெயரின்றிக் கிடந்த அநேகரின் நோய் இன்னதென்று வெளிப்பட்டு வருகிறது.

கை எவ்வாறு பாதிக்கப்படுகிறது

தழும்பு எவ்விடத்தில் விழுந்ததோ அதற்கேற்பக் கையின் கேடும் வேறுபடும். தசையை இயக்கும் பாதையில் விழுந்தால் வலிமை குன்றுகிறது. காலப்போக்கில் தசை விறைத்து, முழங்கையும் விரல்களும் மடங்கிய நிலையிலே நிற்க முயல்கின்றன. உணர்ச்சிப் பாதையில் விழுந்தால் வலிமை இருந்தும் பயனில்லை. பிடித்திருக்கும் டம்ளர் கையில் இருக்கிறதா நழுவிவிட்டதா என்பதைக் கண்ணால் பார்த்தே அறிய வேண்டியிருக்கும். சிறுமூளையின் பாதையில் விழுந்தால் நடுக்கம் உண்டாகிறது. இந்நடுக்கம் கை சும்மா இருக்கும்போது தோன்றாமல், ஒரு பொருளை எடுக்கக் கை நெருங்க நெருங்க மிகுதியாகும். உணவை வாய்க்குக் கொண்டுசெல்லும் கடைசி நான்கு விரற்கடைத் தூரத்தில்தான் சோறு சிந்தும். ஒரே நோயாளியிடத்தில் இம்மூன்றும் கலந்து காணப்படுவதும் உண்டு. ஒரு கையில் ஒன்றும் மறு கையில் வேறொன்றுமாக இருப்பதும் உண்டு.

இவற்றுக்கு மேலாகக் களைப்பு என்று ஒன்று இருக்கிறது. உழைத்தவனுக்கு வரும் களைப்பு உறங்கி எழுந்தால் நீங்கும். எம்.எஸ். நோயின் களைப்பு அவ்வகையினதன்று. உறை சிதைந்த நரம்பிழை சில முறை செய்தியைக் கடத்தியபின் தொடர்ந்து கடத்த வலியற்றுப் போகிறது; வெப்பம் ஏறினால் இன்னும் விரைவில் வலியற்றுப் போகிறது. 1890இல் வில்லெல்ம் ஊத்தாஃப் என்னும் ஜெர்மானியக் கண் வைத்தியர், உடலுழைப்புக்குப் பின் சில நோயாளிகளின் பார்வை சற்று நேரம் மங்கிப் பின்னர் தெளிவதைக் கண்டு எழுதினார். உடலின் வெப்பம் உயர்வதே அதற்குக் காரணம் என்பது பிற்காலத்தில் விளங்கியது. காந்தப் படம் வராத நாட்களில், நோயாளியை வெந்நீர்த் தொட்டியில் அமர்த்தி, குறிகள் மிகுகின்றனவா என்று பார்த்து நோயை நிதானிக்கும் முறைகூட இருந்தது. சித்தூர்ச் சீமையின் சித்திரை வைகாசி வெயிலை அறிந்தவர்களுக்கு இதன் பொருள் எளிதில் விளங்கும். இங்குள்ள நோயாளிக்கு அந்த வெந்நீர்ச் சோதனை ஆண்டுதோறும் இரண்டு மூன்று மாதம் தானே நடந்துவிடுகிறது.

எடுத்துக்காட்டாக, 30 வயதுடைய ஒரு பள்ளி ஆசிரியையை எண்ணிப் பார்க்கலாம். காலை முதல் பாடவேளையில் அவர் கரும்பலகையில் எழுதும் எழுத்து ஒழுங்காக இருக்கிறது. பிற்பகலில் எழுத்து சரிகிறது. சுண்ணக்கட்டி கீழே விழுகிறது. மறுநாட் காலையில் மீண்டும் நன்றாகவே எழுதுகிறார். "காலையில் வராத வலி டீச்சரம்மாவுக்குச் சாயங்காலம் மட்டும் எப்படி வருகிறது?" என்று உடன் பணிபுரிவோர் நகைப்பர். வீட்டிலோ, மாமியார் வேலைக்கு அஞ்சிய சாக்கு என்று கருதுவார். அல்லது திருஷ்டி கழிக்கச் சொல்வார். சில வாரங்களில் குறிகள் தாமே குறைந்தும் விடுவதால், கழித்த திருஷ்டிக்கே பெருமை சேர்ந்து, வைத்தியம் பார்க்க வேண்டிய மாதங்கள் வீணாகின்றன. நோயின் மறு தாக்குதலைக் குறைக்கும் மருந்துகள் 1993 முதல் ஒன்றன்பின் ஒன்றாகப் பயனுக்கு வந்துள்ளன. அவை தழும்பு விழாமல் காப்பனவே அன்றி, விழுந்த தழும்பை அகற்றுவன அல்ல. ஆகவே இழந்த மாதங்கள் எளிதில் மீளக்கூடியவை அல்ல.

வைத்தியத் துறையிலேயே கையைப் பற்றிய கவனம் நெடுங்காலம் குறைவாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். இந்நோயின் கடுமையை அளக்க உலகெங்கும் வழங்கும் கர்ட்ஸ்கி அளவுகோல், நடுத்தர நிலைக்கு மேற்பட்ட நோயாளிகளைப் பெரும்பாலும் அவர்கள் எவ்வளவு தூரம் நடக்கிறார்கள் என்பதைக் கொண்டே தரம் பிரிக்கிறது. நடக்க முடியாதவர் தம் கையால் உண்கிறாரா, பிறர் ஊட்ட உண்கிறாரா என்ற வேறுபாடு அவ்வளவுகோலில் தக்க இடம் பெறவில்லை. சக்கர நாற்காலியில் அமர்ந்தவருக்கு எஞ்சியுள்ள சுதந்திரம் முழுவதும் கையில்தான் இருக்கிறது.

பயிற்சியின் அளவு

முற்காலத்தில் எம்.எஸ். நோயாளிகளை உடற்பயிற்சி செய்யலாகாது என்று வைத்தியர்கள் தடுத்து வந்தனர். பயிற்சியினால் களைப்பும் வெப்பமும் மிகுவதைக் கண்டு அஞ்சியதே காரணம். 1996இல் அமெரிக்காவில் வெளியான ஒரு சோதனை இக்கருத்தை மாற்றியது. அதில் 54 நோயாளிகளுள் ஒரு பகுதியினர் கைகளாலும் கால்களாலும் மிதிவண்டி போன்ற ஒரு கருவியைச் சுழற்றும் பயிற்சியை வாரம் மூன்று முறையாக 15 வாரங்கள் மேற்கொண்டனர். அவர்களுடைய வலிமையும் மனநிலையும் மேம்பட்டன, நோய் மிகுந்துவிடவில்லை. வெப்பத்தால் வரும் தளர்ச்சி தற்காலிகமானது, குளிர்ந்தவுடன் நீங்குவது, நரம்புக்குப் புதிய கேடு விளைவிப்பதன்று என்பது இப்போது தெளிவு.

பயிற்சி ஏன் பயனளிக்கிறது? தழும்பு விழுந்த பாதைக்குப் பதிலாக, மூளை வேறு பாதைகளைத் தேடிக்கொள்ளும் ஆற்றலுடையது. மழைவெள்ளத்தால் சாலை அறுந்தால் மாட்டுவண்டிகள் வயல் வழியே புதுத் தடம் போடுவதைப் போன்றது இது. ஆனால் ஒருமுறை சென்றால் தடம் விழாது. நூறு முறை செல்ல வேண்டும். இங்குதான் இடர்ப்பாடு எழுகிறது. பக்கவாத நோயாளிகளுக்கு நடத்தப்பட்ட சாதாரணப் பயிற்சி வேளைகளை அருகிலிருந்து எண்ணிப் பார்த்து 2009இல் வெளியிட்ட ஓர் அமெரிக்க ஆய்வில், கையால் பயனுள்ள வேலை செய்யும் அசைவுகள் ஒரு வேளைக்குச் சராசரியாக 32 முறையே நிகழ்ந்தன என்பது தெரியவந்தது. விலங்குகளிடம் மூளையின் மாறுதலைக் காட்டிய சோதனைகளிலோ அசைவுகள் நூற்றுக்கணக்கில் இருந்தன. ஒரு பயிற்றுநர் ஒரு நாளில் பலரைக் கவனிக்க வேண்டியிருக்கையில், ஒருவருடைய கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நூற்றுக்கணக்கான முறை அசைப்பது எவ்வாறு இயலும்?

யந்திரத்தின் வரவு

மேற்கூறிய வினாவுக்கு விடையாகவே யந்திரங்கள் தோன்றின. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் நெவில் ஹோகன், ஹெர்மானோ கிரெப்ஸ் முதலியோர் 1980களின் இறுதியில் தொடங்கி உருவாக்கிய எம்.ஐ.டி.-மானஸ் என்னும் யந்திரம் இவ்வகையில் முன்னோடி. நோயாளி ஒரு மேசைமுன் அமர்ந்து, யந்திரத்தின் கைப்பிடியைப் பற்றிக்கொள்கிறார். எதிரேயுள்ள திரையில் ஒரு புள்ளி தோன்றுகிறது. கைப்பிடியை நகர்த்தி அப்புள்ளியை அடைய வேண்டும். அவரால் இயன்றவரை யந்திரம் குறுக்கிடுவதில்லை. கை நின்றுவிட்டாலோ வழி தவறினாலோ மோட்டார் மெல்லத் தள்ளி உதவுகிறது. கை தேறத் தேற உதவி குறைந்துகொண்டே வருகிறது. குழந்தைக்கு நடை பழக்கும் தாய் விரலை எப்போது கொடுப்பது, எப்போது விடுவது என்று அறிந்திருப்பதைப் போன்ற ஒழுங்கை, விசையை அளக்கும் கருவிகளும் கணிப்பொறியும் சேர்ந்து நடத்துகின்றன.

மோட்டாரே இல்லாத யந்திரங்களும் உள்ளன. அவற்றுள் ஆர்மியோ ஸ்பிரிங் என்பது பலரறிந்தது. விற்சுருள்கள் கையின் எடையை ஏற்றுக்கொள்வதனால், கையைத் தூக்கவே இயலாதவரும் தம்மிடம் எஞ்சியுள்ள சிறிதளவு வலிமையைக் கொண்டு கையை இங்குமங்கும் நகர்த்த முடிகிறது. காமிராவின் முன் அமர்ந்து கையை அசைத்துத் திரையில் விளையாடும் முறையும், தோலின்மேல் மின்தகடுகளை ஒட்டித் தசையைத் தூண்டும் முறையும் வேறு வகைகள்.

எம்.எஸ். நோயாளிகளிடம் இவை பயன் தந்தனவா? பெல்ஜியம் நாட்டு ஆய்வாளர்கள், கை மிகவும் தளர்ந்து நாற்காலியோடு ஒடுங்கிய 10 நோயாளிகளுக்கு விற்சுருள் யந்திரத்தில் வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் அரை மணி நேரமாக, 8 வாரங்கள் பயிற்சி அளித்து 2011இல் முடிவை வெளியிட்டனர். தசையின் வலிமை குறிப்பிடத்தக்கவாறு உயரவில்லை. ஆயினும் ஜாடியைத் திறத்தல் போன்ற அன்றாட வேலைகளைச் செய்யும் திறன் தேறியது. ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு இல்லாதது அவ்வாய்வின் குறை. இத்தாலியில் 22 நோயாளிகளை இரு குழுக்களாக்கி நடத்தி 2012இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் கருத்துக்குரியது. ஒரு குழுவினர் யந்திரத்தின் கைப்பிடியை மட்டும் நகர்த்தினர். மற்றொரு குழுவினர் யந்திரத்தின் துணையோடு உண்மையான பொருள்களை எடுத்துக் கையாண்டனர். அன்றாட வேலைகளில் பிந்திய குழுவினரே கூடுதலாகத் தேறினர். திரையில் புள்ளியைத் துரத்துவதில் கை தேர்ந்தவர் டம்ளரைத் தூக்குவதிலும் தேர்ந்துவிடுவார் என்று கொள்வதற்கில்லை.

யந்திரத்தைப் பற்றி மிகையாகக் கூறுவதும் தவறு. பிரிட்டனில் பக்கவாத நோயாளிகள் 770 பேரைக் கொண்டு நடத்தி 2019இல் வெளியிட்ட பெரிய சோதனையில், எம்.ஐ.டி.-மானஸ் யந்திரப் பயிற்சி பெற்றோர், வழக்கமான சிகிச்சை பெற்றோரைவிடக் கையின் பயனில் மேம்பட்டுவிடவில்லை. எம்.எஸ். நோயில் இதுவரை நடந்த சோதனைகள் யாவும் மிகச் சிறியவை. யந்திரம் நரம்பைக் குணப்படுத்துவதில்லை. நல்ல பயிற்றுநர் அதே அளவு பயிற்சியை அளித்தால் அதைவிடக் குறைந்த பயன் விளையும் என்பதற்கும் ஆதாரமில்லை. அப்படியானால் யந்திரம் எதற்கு? பயிற்றுநர் கிடைக்காத இடத்தில் அசைவுகளின் எண்ணிக்கையைப் பெருக்குவதற்கும், தளர்ந்த கையை முயற்சியில் ஈடுபடுத்துவதற்கும், ஒவ்வோர் அசைவையும் அளந்து குறித்துவைப்பதற்கும் ஆகும். மூன்றாவதாகச் சொன்ன பயன் எம்.எஸ். நோயில் தனிச் சிறப்புடையது. எந்த அசைவில் கை சோர்கிறது என்பதை நோயாளி உணருமுன்னரே யந்திரத்தின் கணக்கு காட்டிவிடும்; அவ்விடத்தில் நிறுத்தி ஓய்வளிக்கலாம். பிற நோய்களில் 'இன்னும் பத்து முறை' என்று ஊக்குவது சரி. இந்நோயில் எப்போது நிறுத்துவது என்பதை அறிவதே பயிற்சியின் பாதி.

வேலூரின் பங்கு

புத்தலப்பட்டிலிருந்து சித்தூர் வழியாகப் பேருந்தில் சென்றடையத்தக்க வேலூர், கையின் புனர்வாழ்வைப் பொறுத்தவரை உலகப் புகழ் பெற்ற ஊராகும். அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1948இல் டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயினால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண்களை இடம் மாற்றித் தைத்து நிமிர்த்தும் அறுவைச் சிகிச்சையைத் தொடங்கினார். 1949இல் டாக்டர் ஜேக்கப் சாண்டி நம் நாட்டின் முதல் நரம்பறுவைத் துறையை அங்கு நிறுவினார். டாக்டர் மேரி வர்கீஸின் வரலாறு பலரும் கேட்டிருக்கக்கூடியதே. 1954இல் நேர்ந்த மோட்டார் விபத்தில் இரு கால்களும் செயலிழந்த அவர், நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். பின்னர் நியூயார்க்கில் புனர்வாழ்வு வைத்தியம் பயின்று திரும்பினார். வேலூரை அடுத்த பாகாயத்தில் 1966இல் நோயாளிகள் தங்கிப் பயிலும் புனர்வாழ்வு நிலையம் அவருடைய முயற்சியால் உருவாயிற்று. கால் இழந்தவர் கையைக் கொண்டு எவ்வளவு செய்ய இயலும் என்பதற்கு அவரைவிடச் சான்று வேண்டியதில்லை. 1972இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

அந்த மரபின் தொடர்ச்சியாகவே, இக்கல்லூரியின் உயிரிப்பொறியியல் துறையினரும் சென்னை ஐ.ஐ.டி.யினரும் சேர்ந்து புளூட்டோ என்னும் கைப்பயிற்சி யந்திரத்தை உருவாக்கினர். அதன் அமைப்பை விவரிக்கும் கட்டுரை 2021இல் வெளியாயிற்று. வெளிநாட்டு யந்திரங்கள் பல லட்சம் ரூபாய் விலையுள்ளவை. ஒரு மூட்டுக்கு ஒரு மோட்டார் என்ற கணக்கில் அமைந்த பெரிய சட்டங்களும் உண்டு. புளூட்டோவில் இருப்பது ஒரே மோட்டார். அதன் முகப்பில் வெவ்வேறு பிடிகளை மாற்றி மாற்றிப் பொருத்தலாம். ஒரு பிடியைப் பொருத்தினால் மணிக்கட்டை மேலும் கீழும் மடக்கலாம். மற்றொன்றில் பக்கவாட்டில் அசைக்கலாம். வேறொன்றில் முன்கையைத் திருப்பலாம். இன்னொன்றில் உள்ளங்கையை விரித்து மூடலாம். குமிழ்களைப் பொருத்தித் திருகவும் செய்யலாம். கிராமத்து ஆட்டுக்கல்லை இயக்கும் மோட்டாரைக் கழற்றித் தண்ணீர் இறைக்கவும் மாட்டிக்கொள்ளும் சிக்கன புத்தியோடு இதனை ஒப்பிட்டால் பிழையாகாது. மேசைமேல் வைக்கத்தக்க சிறிய உருவம் ஆகையால், பெரிய மருத்துவமனைக்கு வெளியேயும் கொண்டுசெல்ல ஏற்றது. பக்கவாதம் முதலிய பலவகை நரம்புக் கேடுகளால் கை தளர்ந்தோரைக் கருதி ஆக்கப்பட்டதே அன்றி, எம்.எஸ். நோய்க்கென்று தனியே ஆக்கப்பட்டதன்று. இந்நோயாளிக்கு அதனைப் பயன்படுத்தும்போது வேகத்தையும் ஓய்வையும் வைத்தியரே வரையறுத்துக் கொடுக்க வேண்டும்.

வட்டாரத்தில் செய்யத்தக்கவை

கள ஊழியரின் முதற் கடமை ஐயுறுதல். ஒரு கண்ணில் சில நாட்களாகப் பார்வை மங்கி வலித்தல், பின்னர் ஒரு கையிலோ காலிலோ மரமரப்பு, கழுத்தைக் குனிந்தால் முதுகில் மின்சாரம் பாய்ந்தது போன்ற அதிர்ச்சி, இவை ஒரே ஆளிடம் வெவ்வேறு காலத்தில் வந்து போயிருந்தால் நரம்பியல் வைத்தியரிடம் அனுப்ப வேண்டும். திருப்பதியில் உள்ள ஸ்ரீ வேங்கடேசுவர மருத்துவ அறிவியல் நிறுவனமும், வேலூர் மருத்துவக் கல்லூரியும் இதற்கு அண்மையில் உள்ளவை. எம்.எஸ். போலவே தோன்றும் வேறொரு நோய், கண் நரம்பையும் தண்டுவடத்தையும் தாக்குவது, நம் நாட்டில் அரிதன்று. அதற்கான ரத்தச் சோதனை 2004 முதல் அறியப்பட்டது. எம்.எஸ். மருந்துகளுள் சில அந்நோயை மிகுவிக்கும் ஆதலால், சோதனையின்றி ஒருவர் மருந்தை மற்றொருவர் வாங்கி உண்ணலாகாது. முகம் கோணிச் சில நிமிடத்திலேயே ஒரு பக்கம் விழுந்துவிட்டால் அது பக்கவாதமாக இருக்கலாம். ஒரு கணமும் தாழ்க்காமல் மருத்துவமனைக்கு எடுத்துச் செல்ல வேண்டியது.

நோய் உறுதியானவரின் கை திடீரென மேலும் தளர்ந்தால், முதலில் காய்ச்சல் உண்டா, சிறுநீரில் எரிச்சல் உண்டா என்று கேட்க வேண்டும். தொற்றினால் உடல் வெப்பம் ஏறிப் பழைய குறிகள் தலைகாட்டுவது வழக்கம். தொற்று தீர்ந்தால் அவை அடங்கும். காய்ச்சல் இல்லாமல் ஒரு முழு நாளுக்கு மேல் புதிய தளர்ச்சி நீடித்தால் அது நோயின் மறு தாக்குதலாக இருக்கலாம். உடனே வைத்தியரைக் காண வேண்டும்.

யந்திரம் அருகில் இல்லை என்பதற்காகப் பயிற்சி நின்றுவிட வேண்டியதில்லை. விற்சுருள் யந்திரம் செய்வது கையின் எடையைத் தாங்குவது ஒன்றே. குழந்தைக்குத் தூளி கட்டும் தூலத்திலிருந்து ஒரு பழைய வேட்டியைத் தொங்கவிட்டு, அதில் முன்கையைக் கிடத்தினால் எடை குறைந்துவிடும். கை முன்னும் பின்னும் எளிதாக ஆடும். பயிற்றுநர்கள் நெடுங்காலமாகக் கையாளும் முறைதான் இது. தோள் வலியிருப்பவருக்குக் கயிற்றின் உயரத்தைப் பயிற்றுநர் ஒருமுறை பார்த்துக் கட்டிக்கொடுப்பது நன்று. மேசைமேல் துணி விரித்து அதன்மேல் கையை வழுக்கி நகர்த்துவதும் அவ்வகையே.

விரல்களுக்குப் பல்லாங்குழியைவிடச் சிறந்த கருவியைத் தேடி அலைய வேண்டுவதில்லை. தெலுங்கில் இதனை வாமன குண்டலு என்பர். வட்டாரத்தில் முதியவர் உள்ள வீடுகளில் பலகை இன்னும் கிடைக்கும். பதினான்கு குழிகள், புளியங்கொட்டைகள், ஒவ்வொன்றாக இட்டுச் செல்லுதல், பின் வழித்தெடுத்தல் ஆகியவற்றால் ஓர் ஆட்டத்தில் விரல்கள் செய்யும் அசைவு நூற்றைத் தாண்டிவிடும். எண்ணிக்கொண்டே இடுவதால் மனமும் உழைக்கிறது. எதிரே ஒருவர் அமர்வதால் நோயாளி தனித்திருப்பதும் இல்லை. உண்மைப் பொருளைக் கையாள்வதே பயன் மிக்கது என்ற இத்தாலிய ஆய்வின் முடிவுக்கும் இது இசைந்தது. நடுக்கம் மிகுந்தவருக்குப் புளியங்கொட்டை சிறிது. பெரிய சோழிகள் ஏற்றவை. உணர்ச்சி குன்றியவர் கண்ணால் பார்த்துப் பார்த்தே இட வேண்டும். அடுப்பருகில் வேலை செய்யும்போது அவருடைய கை சுட்டாலும் தெரியாது என்பதை வீட்டார் நினைவில் வைக்க வேண்டும்.

காலம் முக்கியம். விடியற்காலையோ, மாலை வெயில் தாழ்ந்த பின்னோ பயிற்சி நடக்கட்டும். பத்து நிமிடம் பயின்று பத்து நிமிடம் ஓய்வது, ஒரே மூச்சில் அரை மணி பயில்வதைவிடப் பெரும்பாலோர்க்கு ஏற்றது. கழுத்தில் ஈரத்துண்டு போட்டுக்கொள்வதும், முன்னதாகக் குளிர்ந்த நீரோ மோரோ பருகுவதும் வெப்பத்தைத் தணிக்கும். பயிற்சி முடிந்து ஒரு மணி நேரம் சென்றும் கை பழைய நிலைக்குத் திரும்பவில்லையென்றால் அன்றைய அளவு மிகுதி. மறுநாள் குறைக்க வேண்டும். மாங்காய்ப் பருவத்தில் கூலிக்காக நண்பகல் வெயிலில் நின்றுவிட்டு, மாலையில் பயிற்சியையும் செய்து முடிக்க முயல்வோர் உண்டு. அன்றைக்குப் பயிற்சியை விட்டுவிடச் சொல்வதே நல்ல வைத்தியம்.

ஆசிரியர்கள் அறிய வேண்டியது ஒன்றுண்டு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிட்ட 21 வகைக் குறைபாடுகளுள் எம்.எஸ். நோயும் இடம்பெற்றுள்ளது. குறைபாடு 40 விழுக்காட்டுக்குக் குறையாதென்று சான்று பெற்ற, எழுதுவதில் இடர்ப்பாடுள்ள மாணவருக்குத் தேர்வில் எழுதித் தருபவரையோ, மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாத கூடுதல் நேரத்தையோ வழங்க மத்திய அரசின் நெறிமுறைகளில் இடம் உண்டு. ஆனால் இந்நோயில் கை நாளுக்கு நாள், வேளைக்கு வேளை மாறுபடும். சான்று வழங்கும் வைத்தியக் குழுவின்முன் காலை 10 மணிக்கு அமர்ந்தவர் நன்றாக எழுதிக்காட்டிவிட்டு, குறைபாடு குறைவென்ற தீர்ப்போடு திரும்புவது நிகழக்கூடியதே.

இதற்கு ஒரு பரிகாரம் கள ஊழியரின் கையில் இருக்கிறது. மருத்துவமனைகளில் கையின் நிலையை அளக்க ஒன்பது குழிகள் கொண்ட பலகையில் ஒன்பது சிறு குச்சிகளை ஒவ்வொன்றாகச் செருகி, மீண்டும் எடுக்க ஆகும் நொடிகளைக் கணக்கிடுவர். உடல்நலமுள்ளவருக்குப் பொதுவாக 20 நொடியளவு ஆகும். ஒரே ஆளின் நேரம் ஐந்தில் ஒரு பங்கு கூடினால் அது கருதத்தக்க மாறுதல் என்பது ஆய்வாளர் கொள்கை. அப்பலகை கிடைக்காத இடத்தில், பல்லாங்குழியின் ஒரு வரிசையிலுள்ள ஏழு குழிகளில் குழிக்கு இரண்டாகக் கொட்டைகளை இட்டு, மீண்டும் எடுக்க ஆகும் நொடிகளைக் கைக்கடிகாரத்தைக் கொண்டு குறிக்கலாம். இது மருத்துவமனைச் சோதனைக்கு ஈடாகாது. அந்த 20 நொடிக் கணக்கோடு ஒப்பிடவும் கூடாது. ஆனால் அதே நோயாளியை அவருடைய முந்திய நாளோடு ஒப்பிட உதவும். ஒரு தாளில் நான்கு பத்திகள் கிழித்து, தேதி, வேளை, வலக்கை நொடிகள், இடக்கை நொடிகள் என்று எழுதி, வாரம் இருமுறை, காலை ஒன்றும் பிற்பகல் ஒன்றுமாக மூன்று மாதம் குறித்துவந்தால் போதும். நோயாளி வேலூருக்கோ திருப்பதிக்கோ வைத்தியரைக் காணச் செல்லும் நாளிலும், சான்றுக் குழுவின்முன் நிற்கும் நாளிலும் அந்தத் தாள் அவருடைய காந்தப் படத்தோடு ஒரே உறையில் இருக்க வேண்டும்.